உப்பைக் குறைத்த நாட்களைப் பற்றி அத்தாவுக்கு

கறி எப்படி இருந்தாலும் இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கும் என் அத்தாவுக்கு,

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. மழை பிடித்த வாரத்தில் போனீர்கள். இப்போது மட்டாஞ்சேரியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, நோன்பு பாதியைத் தாண்டிவிட்டது. உங்கள் கூட்ஸ் ஆட்டோவை நாங்கள் கைவிடவில்லை. கொச்சங்காடி ஸ்டாண்டில் உங்களோடு நின்ற சலீம் மாமாதான் ஓட்டுகிறார்.

எனக்கு மலையாளத்தில் எழுதுவதுதான் எளிது. பள்ளிக்கூடத்தில் படித்தது அதுதானே. ஆனால் கம்பத்திலிருந்து கொச்சிக்கு வந்து முப்பது வருஷமாகியும் பஸ் போர்டைத் தவிர மலையாளத்தில் நீங்கள் எதையும் படித்ததில்லை. அதனால் அம்மா வீட்டில் சொல்லித்தந்த தமிழிலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை உறையில் போட்டு ஒட்டவும் இல்லை. ஒரு பிள்ளையின் சாப்பாட்டைப் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டே இருக்கும் வீடு நம்முடையது மட்டுமல்ல என்று இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன். அவர்களும் படிக்கட்டும்.

உங்களிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேரே சொல்லத் தைரியமில்லை. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

தம்பி அன்சாருக்குப் பத்தொன்பது வயதில் அது வந்தது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். தூக்கம் குறைந்ததைப் பரீட்சை என்று நினைத்தோம். பேச்சு கூடியதை வயசு என்று நினைத்தோம். மூன்று நாள் சாயாவை மட்டும் குடித்துக்கொண்டு திரிந்தான். அம்மா தட்டை நீட்டினால், வயிறு நிறைந்திருக்கிறது, உட்கார நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். மூன்றாம் நாள் மத்தியானம் ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருக்கும் பொறோட்டாவும் பீஃப் கறியும் உங்கள் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தான். ஒவ்வொருவருக்கும் வாயில் ஊட்டப் போனான். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அவன் தன் வாயில் ஒரு துண்டுகூட வைக்கவில்லை என்பதை நீங்கள் ஒருவர்தான் பார்த்தீர்கள். அன்றைக்கே அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் நீங்கள்தான்.

பைபோலார் என்றார் அந்த டாக்டரம்மா. மனசு சில காலம் கட்டுக்கடங்காமல் ஏறும், சில காலம் எழுந்திருக்க முடியாமல் இறங்கும். மருந்தை விடாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே வாழலாம் என்றும் சொன்னார். ஏறியதைப் பார்த்துவிட்டோம். இறங்கியதை இரண்டு மாதம் கழித்துப் பார்த்தோம். பின்னறையில் போர்வைக்குள் கிடந்தவன் சோற்றுக்குக் கூப்பிட்டால் வரமாட்டான். ஆனால் ரஸ்க் டப்பா காலியாகும். சீனி டப்பா காலியாகும். கட்டிலுக்கடியில் பெருக்கப் போன அம்மா இரண்டு கை நிறைய பிஸ்கட் உறைகளை அள்ளிக்கொண்டு வந்து, கேட்டால் நான் கொடுக்கமாட்டேனா என்று அழுதாள். அவன் பசிக்காகத் தின்னவில்லை, வேறெதையோ அமர்த்தத்தான் தின்றான் என்று நமக்கு அப்போது யார் சொன்னார்கள்?

நீங்கள் மட்டும் அவனிடம் சாப்பிடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. லோடு இருக்கிறது, கூட வர்றியா என்றுதான் கேட்பீர்கள். பல நாள் லோடே இருக்காது. சுள்ளிக்கல்லில் அந்த ஓலைக்கூரைக் கடையில் வண்டியை நிறுத்தி, இரண்டு தட்டு கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வாங்கி, ஆட்டோவில் சாய்ந்து நின்றபடியே தின்பீர்கள். திரும்பி வந்ததும் நான் கேட்பேன், எவ்வளவு சாப்பிட்டான் அத்தா என்று.

“கூட வந்தான்ல” என்பீர்கள்.

எனக்கு அது ஒரு பதிலாகவே தோன்றியதில்லை.

பிறகு ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். கபர்ஸ்தானிலிருந்து ஆண்கள் திரும்பி வந்தபோது அன்சாரின் முகத்தைப் பார்த்தேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே பயம். இவன் ஏறுவானா, இறங்குவானா? டாக்டரம்மா, தூக்கத்தையும் சாப்பாட்டையும் கவனித்துக்கொள்ளுங்கள், அதில்தான் முதலில் தெரியும் என்று சொல்லியிருந்தார். கவனிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. நான் காவல் காத்தேன். வேலை செய்யும் துணிக்கடையிலிருந்து மூன்று தடவை அம்மாவுக்கு ஃபோன் செய்து என்ன தின்றான் என்று கேட்பேன். வீட்டுக்கு வந்ததும் அவன் அறைக் குப்பையைக் கிளறுவேன். இரண்டு தோசையோடு எழுந்தால் ஏறுகிறானோ என்று நெஞ்சு அடிக்கும். ஆறு தோசை தின்றால் இறங்குகிறானோ என்று அடிக்கும். நாலு தின்றால், இது எத்தனை நாளைக்கோ என்று தோன்றும்.

அவன் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உங்களை நினைத்து அழுதான். எல்லாரும் அழுவதைப் போலத்தான் அழுதான். ஆனால் பருத்தான். ஒரு மருந்து அப்படிப் பசியைக் கிளப்பும் அத்தா. சோறு தின்று கை கழுவும்போதே மறுபடி பசிக்கிறது என்பான். வயிற்றில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது என்று அவனே ஒருநாள் சொன்னான். நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? கொஞ்சம் மனசைக் கட்டுப்படுத்து என்றேன். மனசைக் கட்டுப்படுத்தத்தான் அந்த மாத்திரையே கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கார்த்திகை வாக்கில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டம் தொடங்கியது. பழைய ஜெர்சியை எடுத்துப் போட்டுப் பார்த்தான். தலை நுழைந்தது, தோளுக்குக் கீழே இறங்கவில்லை. அப்படியும் மைதானத்துக்குப் போனான். சின்ன வயதிலிருந்து கூட ஆடியவன் ஒருவன், கோல் போஸ்டுக்கு ஆள் வேண்டாம், இவனை நிறுத்தினாலே அடைத்துக்கொள்வான் என்று சொன்னானாம். இதை அன்சார் என்னிடம் சொல்லவில்லை. சலீம் மாமா சொல்லித்தான் தெரியும். மறுநாளிலிருந்து அவன் மாறிவிட்டான். ஃபோனில் யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சீனி வேண்டாம், உப்பு வேண்டாம், சோறு வேண்டாம் என்றான். உப்பு போனால் உடம்பில் தேங்கிய நீரெல்லாம் போய்விடும், ஒரே வாரத்தில் இளைத்துவிடலாம் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். விடிந்ததும் கடற்கரை வரைக்கும் ஓடுவான். சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை வியர்வை கொட்டும்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அத்தா? பிஸ்கட் உறை இல்லை. சீனி டப்பா நிறைந்தே இருக்கிறது. அவனுக்கென்று தனியாக உப்பில்லாத கஞ்சி வைத்தேன். பீன்ஸும் கேரட்டும் வெறுமனே அவித்துக் கொடுத்தேன். கடையில் கூட வேலை செய்யும் பெண்களிடம், என் தம்பி எவ்வளவு வைராக்கியம் பார்த்தீர்களா என்று பெருமையடித்தேன்.

இதில்தான் என் தப்பு இருக்கிறது. முதன்முதலில் லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்த அன்று டாக்டரம்மா ஒரு தாளும் கொடுத்தார், நினைவிருக்கிறதா? மலையாளத்தில் அச்சடித்த தாள். நீங்கள் அதை என் கையில் கொடுத்து, நல்லாப் படிச்சு வையி பாப்பா என்றீர்கள். அவர் வாயாலும் சொன்னார். சாப்பாட்டில் உப்பையும், குடிக்கிற தண்ணீரையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று. நீங்கள் உங்கள் அரைகுறை மலையாளத்தில் உப்பு எவ்வளவு போடலாம் என்று கேட்டீர்கள். வீட்டில் எப்போதும் போடுகிற அளவு போதும் என்று அவர் சிரித்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கடையிலிருந்து வந்த ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. அந்தத் தாளை மடித்து அவன் ஃபைலில் வைத்தேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அதைப் பிரிக்கவில்லை.

முதலில் கை நடுங்கியது. சாயா கிளாஸைத் தூக்கினால் சட்டையில் சிந்தும். பட்டினியில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வயிற்றுப்போக்கு. ஒருநாள் இரண்டு தடவை வாந்தி. கடைச் சாப்பாடு எதையோ திருட்டுத்தனமாகத் தின்றிருப்பான் என்று சந்தேகப்பட்டேனே தவிர, வேறு யோசிக்கவில்லை. அடுத்த நாள் மாடிப்படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். கீழ் வீட்டுச் சேட்டன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, பையன் குடிக்க ஆரம்பித்துவிட்டானா என்று கேட்டார். நான் நேரே போய் அவனைத் திட்டினேன். அவன் ஏதோ பதில் சொன்னான். நாக்கு குழறியது. குடித்திருக்கிறான் என்றே முடிவு செய்துகொண்டு வேலைக்குப் போய்விட்டேன் அத்தா. அந்தக் குழறலைக் கேட்டுவிட்டும் போனேன்.

பதினோரு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறான், என்னைத் தெரியவில்லை என்றாள். நான் போய்ச் சேர்வதற்குள் சலீம் மாமா உங்கள் ஆட்டோவின் பின்னால் பாயை விரித்து அவனைக் கிடத்தியிருந்தார். நீங்கள் சாக்கு மூட்டைகளை ஏற்றும் இடத்தில் அன்சார் கிடந்தான். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கால் இரண்டும் தன்னால் துடித்துக்கொண்டிருந்தன. தோப்பும்படி ஆஸ்பத்திரி வரைக்கும் ஓத எந்த துஆவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அவசரப் பிரிவில் இருந்தவர் இளவயது டாக்டர். என்ன மாத்திரை என்று கேட்டார், சொன்னேன். கடைசியாக என்னென்ன சாப்பிட்டான் என்று கேட்டார். கஞ்சி, அவித்த காய் என்று சொல்லிக்கொண்டே போனேன். உப்பு போட்டா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். உப்பும் தண்ணீரும் குறைந்தால் உடம்பு லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளுமாம். மாத்திரை அதே அளவுதான் என்றாலும் இரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போகுமாம். அதோடு ஓட்டம், வியர்வை, வயிற்றுப்போக்கு. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு டிரிப்பை ஏற்றிக்கொண்டே சொன்னார். அது எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

நாலு நாள். மாத்திரையை நிறுத்திவிட்டு உப்புத் தண்ணீரை நரம்பில் ஏற்றினார்கள். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்க வேறொரு டாக்டரும் வந்து போனார். அம்மாவிடம் அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அந்தத் தாளைப் பற்றியும். திட்டுவாள் என்று நினைத்தேன். நானும்தானே ருசி பார்த்துவிட்டு அந்தக் கஞ்சியைக் கொடுத்தேன் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவனுக்குப் பேச்சுத் தெளிந்தது. ஆஸ்பத்திரி இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றான். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

“நீ என் மொகத்தப் பாக்குறதே இல்ல அக்கா” என்றான். “தட்டத்தான் பாக்குற.”

நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். கை நடுங்க ஆரம்பித்ததை, நான் கவனிப்பதற்கு முன்னாலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். பத்து நாளாகவே நடுங்குகிறது, தனக்குத் தெரியும் என்றான். ஏன்டா சொல்லவில்லை என்றேன்.

“நீ சந்தோஷமா இருந்த” என்றான். “அத்தா போனப்பறம் மொத தடவ. அதக் கெடுக்க வேண்டான்னு நெனச்சேன்.”

நான் வராந்தாவுக்கு எழுந்து போய்விட்டேன். அவன் நடுக்கத்தை மறைத்தது பெரிதா, தான் இளைத்தால்தான் அக்காவுக்குச் சிரிப்பு வருகிறது என்று நான் அவனை நினைக்க வைத்தது பெரிதா? இன்றுவரைக்கும் எனக்கு விடை தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

வீட்டுக்கு வந்தபிறகு டாக்டரம்மா பல மருந்துகளை மாற்றினார். பசியைக் கிளப்பிய மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார். லித்தியத்தைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். எடை குறைக்க வேண்டும் என்றால் ஒளிக்காமல் தன்னிடம் சொல்லும்படி அன்சாரிடம் சொன்னார். அவனைப் போன்ற பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் உட்கார வைத்து, சாப்பாட்டைப் பற்றிப் பேசும் ஒருவர் அங்கே இருக்கிறார். அவரிடம் அனுப்பினார். நாங்கள் வெளியே பெஞ்சில் இருப்போம். கதவு திறந்தே இருக்கும்.

அந்தப் பிள்ளைகள் பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும் அத்தா. ஏலூரிலிருந்து வரும் ஒரு பெண், அவள் தின்பதைப் பார்த்துப் பயந்துபோய் அம்மா அடுக்களையைப் பூட்டிவிட்டதாகவும், அரிசிச் சாக்கு வெளியே இருந்ததால் பச்சை அரிசியை மென்றதாகவும் சொன்னாள். ஒரு பையன், மாத்திரைத் தூக்கம் கலைந்து எழும்போதே மற்றவர்கள் நாலு மணிச் சாயா குடிக்கிறார்கள், அதுதான் தன் காலைச் சாப்பாடு என்றான். இன்னொருவன், மனசு ஏறிவிட்டால் சோற்றின் வாடையே ஆகாது, அப்போது பழத்தைப் பிசைந்து குடிக்கப் பழகிக்கொண்டதாகச் சொன்னான். அன்சார் போர்வைக்குள் ரஸ்க் தின்ற கதையைச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். வெளியே அந்தப் பெண்ணின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பூட்டின் சாவியை இன்னும் பையிலேயே வைத்திருக்கிறேன், எறிய மனசு வரவில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

பிறகு நோன்பு வந்தது. பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது, இந்த வருஷம் வேண்டாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எட்டு வயதிலிருந்து உங்களோடு நோன்பு பிடித்தவன். பள்ளிவாசல் உஸ்தாதிடம் போய்க் கேட்டான். நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையை வேண்டாம் என்று சொல்ல நீ யார் என்று கேட்ட அவர், விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடு என்றார். நம் சந்துக் கடைசியில் தனியாக இருக்கும் காதர் காக்காவைத் தெரியுமல்லவா, மூட்டை தூக்கியவர். சர்க்கரையில் கால் புண்ணாகிவிட்டது, அவராலும் நோன்பு வைக்க முடியாது. தினமும் மத்தியானம் அன்சார் தானே சமைத்து எடுத்துக்கொண்டு போகிறான். அங்கேயே உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடுகிறார்கள். அவன் என்ன தின்றான் என்று எனக்குத் தெரியாது. காதர் காக்காவிடம் கேட்கலாமா என்று நான் தினமும் நினைப்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை நான் கடைக்குப் போகவில்லை. அவன் காக்கா வீட்டிலிருந்து பாத்திரங்களோடு திரும்பி வந்தான். அடுக்களை வாசலில் நின்று வலது கையை என் முன்னால் நீட்டினான்.

“காலைலேந்து நடுங்குது அக்கா. வயிறும் சரியில்ல. சொல்லிரலாம்னு வந்தேன்.”

விரல்கள் லேசாக ஆடின. ஒன்றுமில்லைடா, சரியாகிவிடும் என்று வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொல்லவில்லை.

“எனக்குப் பயமா இருக்குடா” என்றேன். உங்கள் முன்னால்கூட நான் இதைச் சொன்னதில்லை.

“எனக்கும்தான்” என்றான்.

டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தோம். அடுத்த மாத்திரையைப் போட வேண்டாம், இப்போதே வந்து இரத்தம் கொடுங்கள் என்றார். முடிவு வரும்வரை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான். லித்தியத்தின் அளவு கொஞ்சம்தான் ஏறியிருந்தது. நல்ல நேரத்தில் வந்தீர்கள், வெயில் காலம், இன்னும் அடிக்கடி பார்ப்போம் என்று சொல்லி மருந்தைத் திருத்திக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் கொடுக்க வேண்டும். அடுத்த மழைக்கு, அதற்கடுத்த நோன்புக்கு, அவன் வேலைக்குப் போகும் காலத்துக்கு, இவன் எப்படி இருப்பான்? எனக்குத் தெரியாது. பயம் போகவில்லை அத்தா. போகும் என்றும் தோன்றவில்லை.

அவனைக் குணமாக்கிக் காட்டுகிறேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அது என் கையில் இல்லை. ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். என்னைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வதற்காக இந்த வீட்டில் யாரும் இனி நடுங்கும் கையை மறைக்க வேண்டியிருக்காது.

அன்சாருக்கு அக்காவாக இருக்க இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும்
உங்கள் மூத்த மகள்,
ஷமீமா